ரெஜினா சாஃப்ட்வேர்: முதல்ல செட்டிங்ஸ பாத்துருங்க

முப்பரிமாண வெளிய நாலுமுகிகளா (நாலு முக்கோண முகம் இருக்குற கட்டைங்க) ஒட்டிப் பாக்குற கணித ஆளுங்களுக்கு ரெஜினா ஓசியிலயே கிடைக்குது, ஓப்பன் சோர்ஸ் வேற, இதுக்கு மேல என்னலா வேணும். பிரிக்ஃபீல்ட்ஸ்ல மாமாக் கடையில தே தாரிக் ஆறிப்போற வரைக்கும் பிரிஃபரன்ஸ் பக்கத்தையே நோண்டிக்கிட்டு இருந்தேன். கேப்னு தனி புரோகிராம் இருக்குல்ல, கணிதத்துல வர்ற குரூப்போட விவரிப்ப சுருக்கித் தர்றது, அது எங்க இருக்குன்னு பாத் காட்டணும், நான் ஃபைல விட்டுட்டு ஃபோல்டர காட்டிட்டு அரை மணி நேரம் முழிச்சேன், என் தப்புதான். பைத்தான் பகுதி அருமை, நம்ம சொந்த லைப்ரரிய அங்க சேத்துட்டா ஒவ்வொரு தடவ கன்சோல் திறக்கும்போதும் தானா ஓடிரும். தன்னைத்தானே வெட்டிக்கிற சர்ஃபேஸ் கேட்டா எச்சரிக்கை வரும், அத ஆஃப் பண்ணாதீங்க. நார்மல் சர்ஃபேஸ், அதாவது ஒவ்வொரு நாலுமுகியயும் முக்கோணமாவோ நாற்கோணமாவோ வெட்டிட்டுப் போற பரப்பு, அத தேடுறப்ப எண்ணால குறிக்க ரெண்டு முறை இருக்கு: ஸ்டாண்டர்ட்ல ஒரு நாலுமுகிக்கு 7 எண்ணு, குவாட்ல 3 தான், பழைய லேப்டாப்னா ரெண்டாவதுல ஆரம்பிங்க. முதல்ல எட்டு வடிவ முடிச்சோட வெளிப்பக்கத்த (முடிச்ச எடுத்துட்டா மிச்சம் இருக்குற வெளி) எடுத்துப் பாருங்க, 2 நாலுமுகி போதும், கண்ணு முன்னாடியே முடிஞ்சிரும். ஹெல்ப் பக்கம் நீளம்தான், ஆனா படிக்கலாம்.