கேன்டிலீவர் மவுண்டா, தனி ரிங்குகளா?

ஏஆர்-15 ரகத் துப்பாக்கியில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்ட எது சரி: ஒரே அடித்தளத்தில் முன்னே நீண்டிருக்கும் கேன்டிலீவர் மவுண்டா, தனித்தனியாக மாட்டும் இரண்டு ரிங்குகளா?

கண் தூரம்: பல ஸ்கோப்புகளுக்குக் கண்ணிலிருந்து சுமார் 9 செ.மீ. இடைவெளி தேவை. கேன்டிலீவர் ஸ்கோப்பை முன்னே தள்ளிப் பிடிப்பதால் இது எளிதில் அமையும். தனி ரிங் என்றால், முன் ரிங் ஹேண்ட்கார்டு (குழலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை) மேல் போய் உட்காரப் பார்க்கும். அதை மட்டும் செய்யவே கூடாது: ஹேண்ட்கார்டு லேசாக அசைந்தாலும் குறி மாறிவிடும்.

உயரம்: கேன்டிலீவர் பெரும்பாலும் ரெயிலிலிருந்து (மவுண்ட் மாட்டும் பள்ளமுள்ள பட்டை) ஸ்கோப் மையம் வரை 1.5 அங்குலம், நேரான ஸ்டாக்குக்கு (தோளில் அணைக்கும் பின்பகுதி) தோதானது. தாழ்வான ரிங்கில் கழுத்தை ரொம்பவே குனிய வேண்டிவரும்.

எடை, விலை: ரிங்குக்கே சாதகம்.

ஆகவே ஏஆருக்குக் கேன்டிலீவர். ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) மேல் நீண்ட ரெயில் உள்ள துப்பாக்கிக்கு ரிங் போதும்.

எதுவானாலும், மவுண்டை ரெயில் பள்ளத்தில் முன்பக்கமாக அழுத்திப் பிடித்தே முடுக்குங்கள். இல்லாவிட்டால் சுடும் அதிர்ச்சியில் நகரும். ரிங் திருகுகளுக்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) கட்டாயம். தயாரிப்பாளர் சொன்ன அளவைத் தாண்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.