பிளானைக் கேட்பதா, உரிமையைக் கேட்பதா?

சந்தா மென்பொருளில் யாருக்கு எந்த வசதி, எந்த அளவுக்குத் திறக்கும் என்பதை, அதாவது அவரவர் உரிமையை, எங்கே எழுதி வைப்பது? கோடுக்குள்ளேயே எழுதலாம், வசதிகளைச் சுவிட்ச் போலத் திறந்து மூடும் ஃபீச்சர் ஃபிளாக் கருவியில் வைக்கலாம், பணம் வசூலிக்கும் பில்லிங் சேவையிடம் விடலாம், நம் டேட்டாபேஸில் ஒரு தனி டேபிளும் போட்டுக்கொள்ளலாம்.

கோடில் எழுதுவது என்றால் ‘இவர் புரோ பிளானா?’ என்று கேட்கும் ஓர் இஃப் வரி. ஒன்றிரண்டு பிளான்கள் மட்டும் இருக்கும் தொடக்க காலத்தில் இது தாராளமாகப் போதும். விலை மாறும் அன்றைக்குத்தான் வினை. எக்ஸ்போர்ட் வசதியை புரோவிலிருந்து பிசினஸுக்கு மாற்றுகிறீர்கள், பழைய வாடிக்கையாளர்களுக்கு அது தொடரும் என்று வாக்கும் கொடுத்திருக்கிறீர்கள். உடனே அந்த வரி ‘புரோவா, இந்தத் தேதிக்கு முன் சேர்ந்தவரா?’ என்று நீளும். ஒரு பெரிய நிறுவனத்துக்குத் தனிச் சலுகை கொடுத்தால் அதன் ஐடியும் கோடில் ஏறும். அப்புறம் எந்த வரி எதற்காக இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

லாஞ்ச்டார்க்லி, அன்லீஷ் போன்ற ஃபிளாக் கருவிகளில் கோடை மாற்றி மறுபடி சர்வரில் ஏற்றாமலே (டெப்ளாய் செய்யாமலே) வசதிகளைத் திறக்கலாம், மூடலாம். புதிய வசதியை முதலில் 5% பேருக்கு மட்டும் விட்டுப் பார்க்க இவை அருமை. ஆனால் யார் பணம் கட்டினார் என்பது ஃபிளாக்குக்குத் தானாகத் தெரியாது. மாதம் 1,000 அறிக்கை என்ற வரம்பை எண்ணிக்கொண்டிருப்பதும் அதன் வேலை இல்லை. வெளியீட்டு ஃபிளாக் வேலை முடிந்ததும் அழிய வேண்டியது, பிளான் உரிமை வருடக்கணக்கில் நிற்க வேண்டியது. இரண்டையும் ஒரே இடத்தில் கலந்தால், பழைய ஃபிளாக்குகளைத் துடைக்கும் நாளில் காசு கொடுத்தவரின் வசதியும் சேர்ந்து போய்விடலாம்.

பில்லிங் சேவைகளில் ஸ்ட்ரைப் இதற்கென்றே ஒரு வசதி தருகிறது. ஒரு பிராடக்டோடு ஃபீச்சர்களை இணைத்துவிட்டால், சந்தா தொடங்கியதும் அந்த வாடிக்கையாளருக்கான உரிமைப் பட்டியல் தயாராகிவிடும். பட்டியல் மாறினால் வெப்ஹுக் வரும், அதாவது ஸ்ட்ரைப் நம் சர்வருக்குத் தானாக ஒரு செய்தி அனுப்பும். விற்பதும் திறப்பதும் ஒரே இடத்தில் என்பது பெரிய நிம்மதி. ஆனால் அதே வெப்ஹுக் இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். அதனால் அதில் வந்த தகவலை அப்படியே எழுதாமல், அந்த நேரத்துப் பட்டியலை மறுபடி கேட்டு வாங்கிப் பதிவது நல்லது. ஒவ்வொரு கிளிக்குக்கும் வெளிச் சேவையைக் கேட்கவும் முடியாது. நம்மிடம் ஒரு நகல் வேண்டும்.

அந்த நகல்தான் நான்காவது வழிக்கு அடித்தளம். வாடிக்கையாளர், வசதி, வரம்பு, எங்கிருந்து வந்த உரிமை, எப்போது முடிகிறது: டேபிளில் இவ்வளவுதான். கோடு பிளான் பெயரையே கேட்காது; ‘இவருக்கு இது உண்டா, இன்னும் எவ்வளவு மிச்சம்?’ என்று மட்டும் கேட்கும். தனிச் சலுகை டேபிளின் ஒரு வரிசையில் (row) அடங்கிவிடும். பழைய வாடிக்கையாளரின் வரிசைகளைத் தொடாமல் விட்டாலே வாக்கும் காப்பாற்றப்படும்.

இதில் உழைப்பு இல்லாமல் இல்லை. ஒரு பிளான் அனுமதிக்கும் பத்து இருக்கைகளில் (பயனர் இடங்களில்) ஒன்பது நிரம்பியிருக்கும்போது இரண்டு அட்மின்கள் ஒரே நொடியில் அழைப்பு அனுப்பினால், இருவருக்கும் ‘ஒன்பது’ என்றே தெரியும். பதினொருவர் உள்ளே வந்துவிடுவார்கள். எண்ணுவதையும் சேர்ப்பதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில், லாக் போட்டு, அதாவது ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கும்படி, செய்ய வேண்டும். பன்னிரண்டு ப்ராஜெக்ட் வைத்திருப்பவர் ஐந்து மட்டும் தரும் பிளானுக்கு இறங்கினால் மிச்சத்தை அழித்துவிடக் கூடாது. எந்த ஐந்து என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். மற்றவை படிக்க மட்டும் திறந்திருக்கட்டும். கார்டில் ஒரு முறை பணம் எடுக்க முடியாமல் போனதற்காக உடனே கதவைச் சாத்துவதும் சரியில்லை, சில நாள் அவகாசம் வேண்டும்.

என் தேர்வு, பில்லிங் சேவை நிரப்பும் சொந்த டேபிள். வெளியீட்டுக்கு மட்டும் ஃபிளாக். இதை ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை. கோடில் எங்கெல்லாம் பிளான் பெயர் இருக்கிறதோ அத்தனையையும் முதலில் ஒரே ஃபங்ஷனுக்குள் கொண்டுவாருங்கள். உள்ளே இப்போதைக்குப் பழைய இஃப் வரிகளே இருக்கட்டும். பின்னால் டேபிளுக்கு மாறும்போது அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்றினால் போதும்.