இரட்சிக்கப்பட்ட பிறகும் பாவ அறிக்கை வேண்டுமா? நான்கு பதில்களும் ஒரு சோதனைக் கேள்வியும்

நேற்று செய்தது, இன்று செய்வது, நாளை செய்யப்போவது எல்லாம் சிலுவையிலேயே தீர்ந்துவிட்டது என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அடுத்த பத்து நிமிடத்தில் அதே ஆராதனையில் "எங்கள் பாவங்களை மன்னியும்" என்று ஜெபிக்கிறோம். இதில் ஏதோ ஒன்று இடிக்கிறதே என்று கேட்பவரை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. கேள்வி நியாயமானது.

இதற்குக் கிறிஸ்தவ உலகில் நான்கு பதில்கள் புழங்குகின்றன. தேவையே இல்லை என்பது ஒன்று. தேவனிடம் மட்டும் சொன்னால் போதும் என்பது இரண்டாவது. குருவானவரிடம் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. சக விசுவாசியிடம் சொல்ல வேண்டும் என்பது நான்காவது. இவற்றை உரசிப் பார்க்க எனக்குப் பிடித்த கேள்வி இது: சொல்ல மறந்துபோன பாவம் என்ன ஆகும்?

முதல் தரப்பு பலம் பெறுவதே இந்தக் கேள்வியில்தான். மன்னிப்பு நம் அறிக்கையைச் சார்ந்தது என்றால், மறந்த பாவத்தோடு இறப்பவரின் கதி என்ன? நம் ஞாபகசக்தியா நம்மை இரட்சிக்கிறது? எபிரெயர் 10ஆம் அதிகாரம், ஒரே பலியால் என்றென்றைக்கும் பூரணப்படுத்தியாகிவிட்டது என்கிறது. பவுல் இத்தனை நிருபங்கள் எழுதியும், மன்னிப்புப் பெறுவதற்காகப் பாவங்களை அறிக்கையிடுங்கள் என்று எந்தச் சபைக்கும் சொல்லவில்லை. இவை கனமான வாதங்கள். இன்று 'ஹைப்பர் கிரேஸ்' (மிகைக் கிருபை) என்று விமர்சகர்கள் அழைக்கும் இந்தப் போதனையைப் பரவலாக்கியவர்களில் சிங்கப்பூர் போதகர் ஜோசப் பிரின்ஸ் முக்கியமானவர். தவறு செய்ததைத் தேவனிடம் பேசவே கூடாது என்று இத்தரப்பினர் பலரும் சொல்வதில்லை. பேசினால்தான் மன்னிப்பு என்பதைத்தான் மறுக்கிறார்கள். எதிர்த்தரப்பு இந்த வேறுபாட்டை வசதியாக விட்டுவிடுகிறது.

இந்தப் போதனை யாருக்கு மருந்து என்பதும் தெளிவு. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், துறவியாக மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தும் நிம்மதி கிடைக்காமல் தவித்தார். எதையாவது விட்டிருப்போமோ என்ற பயம். அந்தப் பயத்தில் சிக்கியவரிடம் போய் "இன்னும் நன்றாக யோசித்து அறிக்கை செய்" என்பது கொடுமை.

ஆனால் வேதவசனங்களோடு மல்லுக்கட்டும்போது இத்தரப்பு தடுமாறுகிறது. 1 யோவான் 1:9, "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று தொடங்கி, தேவன் மன்னிப்பார் என்று சொல்லும் வசனம், பெரிய முட்டுக்கட்டை. அது ஞானவாத (ரகசிய ஞானமே இரட்சிக்கும் என்ற பழைய போதனை) கருத்துள்ள அவிசுவாசிகளுக்கு எழுதப்பட்டது என்று விளக்குகிறார்கள். இரண்டே வசனம் தள்ளி "என் பிள்ளைகளே" என்று யோவான் அழைக்கிறார். இடையில் வாசகர் மாறியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, 2:12இல், உங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டிருக்கின்றன என்று அதே பிள்ளைகளுக்கு எழுதுகிறார். அதாவது ஒரே நிருபம் மன்னிப்பு முடிந்துவிட்டது என்றும் சொல்கிறது, அறிக்கையிடு என்றும் சொல்கிறது. யோவானுக்கு இடிக்காதது நமக்கு ஏன் இடிக்கிறது என்றுதான் யோசிக்க வேண்டும்.

இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபம் சிலுவைக்கு முந்தியது, அதனால் நமக்குப் பொருந்தாது என்ற வாதம் அதைவிடப் பலவீனமானது. "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பதற்கு முந்தின வரி அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கிறது. அந்த வரியை யாரும் பழைய உடன்படிக்கைக்கு அனுப்பி வைப்பதில்லை. சிலுவைக்குப் பிறகும், வெளிப்படுத்தல் 2, 3 அதிகாரங்களில் ஏழு சபைகளில் ஐந்துக்கு மனந்திரும்பும்படி கட்டளை வருகிறது. அப்போஸ்தலர் 8இல் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்ற சீமோனைப் பார்த்து, மனந்திரும்பி வேண்டிக்கொள் என்கிறார் பேதுரு.

சரி, இரண்டாம் தரப்பு. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகளின் நிலைப்பாடு இதுதான். நியாயாதிபதி தருகிற மன்னிப்பு வேறு, தகப்பன் தருகிற மன்னிப்பு வேறு என்று இது பிரிக்கிறது. முதலாவது ஒருமுறை, முழுமையாக. இரண்டாவது உறவு சம்பந்தப்பட்டது. தப்பு செய்த மகன் மகனாகவே இருக்கிறான், ஆனால் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. யோவான் 13இல் இயேசு பேதுருவிடம், முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும் என்று சொன்னதை இதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். மறந்த பாவம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கே திணறல் இல்லை: தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, மறதி அதை மாற்றாது. யோவானின் இரண்டு கூற்றுகளையும் கழுத்தை நெரிக்காமல் ஒன்றாக வைத்துக்கொள்வது இந்த விளக்கம்தான். பகுத்தறியும் அளவில் என் ஓட்டு இதற்கே.

லூத்தரும் பயத்திலிருந்து விடுபட்ட பிறகு மனந்திரும்புதலைக் கைவிடவில்லை. 1517இல் வெளியிட்ட 95 கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். அவருடைய நண்பராக இருந்த ஜோஹான் அக்ரிகோலா, விசுவாசிகளுக்கு நியாயப்பிரமாணத்தை, அதாவது தேவனுடைய கட்டளைகளை, பிரசங்கிக்கத் தேவையில்லை என்று வாதிட்டபோது, 1537 முதல் லூத்தர் வெளிப்படையாகவே எதிர்த்து விவாதித்தார். இன்றைய சண்டை புதிதில்லை.

ஆனால் நடைமுறையில் இரண்டாம் தரப்பின் பாவ அறிக்கை எப்படி இருக்கிறது? "தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்." முடிந்தது. எந்தப் பாவம், யாருக்கு எதிராக, என்ன செய்யப்போகிறாய் என்று எதுவும் இல்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் மனுஷன் தன்னை ஏமாற்றிக்கொள்வது சுலபம். இங்கேதான் மூன்றாம், நான்காம் தரப்புகள் கவனிக்கத்தக்கவை ஆகின்றன.

கத்தோலிக்க முறை ஒரே நாளில் உருவானதில்லை. ஆதிச் சபையில் ஞானஸ்நானத்துக்குப் பின் பெரிய பாவம் செய்தவருக்கு வெளிப்படையான தண்டனைக் காலம் உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் ஒரே முறை என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். கான்ஸ்டன்டைன் பேரரசர் 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அப்படித் தள்ளிப்போட்டவர்கள் அந்தக் காலத்தில் பலர். ஞானஸ்நானம் முந்தைய பாவங்களையெல்லாம் கழுவிவிடும், அதற்குப் பிறகு வாய்ப்பு ஒன்றே ஒன்று; கணக்கு புரிகிறது! பிறகு ஐரிஷ் துறவிகள் வழியாகத் தனிப்பட்ட, திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை) மேற்கு ஐரோப்பாவில் பரவியது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் மாநாடு வருடத்துக்கு ஒருமுறையாவது கட்டாயம் என்றது. 1551இல் திரெந்து சங்கம், சாவான (ஆத்துமாவைக் கொல்லும் கனமான) பாவங்களை வகையும் எண்ணிக்கையுமாகச் சொல்ல வேண்டும் என்று உறுதிப்படுத்தியது. அதற்கு வேத ஆதாரம், நீங்கள் எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று இயேசு சீஷர்களிடம் சொன்ன யோவான் 20:23.

மறந்த பாவத்துக்கு இவர்களிடமும் பதில் இருக்கிறது: நேர்மையாகச் சோதித்தும் மறந்துபோனால் அதுவும் மன்னிப்பில் அடங்கும், பின்னால் நினைவு வந்தால் அடுத்த முறை சொல்ல வேண்டும். புராட்டஸ்டண்டுகள் கேலி செய்கிற அளவுக்கு இது இயந்திரத்தனமானது இல்லை. என் தயக்கம் வேறு. மன்னிப்பின் அதிகாரத்தைக் குருத்துவத்தோடு கட்டுவதற்கு யோவான் 20 மட்டும் போதுமானதாக எனக்குப் படவில்லை. அங்கே பேசப்படுவது சுவிசேஷத்தை அறிவிக்கிற சீஷர்களின் பொறுப்பு என்றும் வாசிக்கலாம்.

லூத்தர் வழி வந்த லூத்தரன் சபையினர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பலருக்குத் தெரியாது. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, தனிப்பட்ட பாவ விமோசனத்தைச் சபையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஆனால் எல்லாப் பாவங்களையும் பட்டியலிட வேண்டியதில்லை என்கிறது.

நான்காவது வழிக்கு வசனம் யாக்கோபு 5:16: "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்." இதைச் சபை ஒழுங்காகவே மாற்றியவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738இல் அவர் வகுத்த சிறு குழு விதிகளில், கடந்த கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்வி உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், ஜெர்மனியில் தான் நடத்திய இறையியல் பயிற்சி மையத்தில் மாணவர்களை ஒருவரிடம் ஒருவர் அறிக்கை செய்ய ஊக்குவித்தார். இதில் குருவின் அதிகாரம் என்ற சிக்கல் இல்லை, தனிமையின் ஏமாற்று வேலையும் இல்லை. இரண்டாம் தரப்பின் இறையியலை வைத்துக்கொண்டு, அதன் ஓட்டையை அடைக்க இதைச் சேர்த்துக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஒரு பெரிய ஆபத்து மட்டும் உண்டு, ரகசியம். கத்தோலிக்கக் குருவானவர் கேட்டதை வெளியே சொன்னால் திருச்சபைச் சட்டப்படி தானாகவே சபை விலக்கத்துக்கு ஆளாகிறார். ஜெபக் குழுவுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. "இவருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற பெயரில் விஷயம் ஊர் முழுக்கப் போய்விடும். ஆகவே வெஸ்லியின் முறையை எடுத்துக்கொள்ளத் துணிகிறவர்கள், பத்துப் பேர் கூடும் குழுவை விட்டுவிட்டு, வாயைக் கட்டத் தெரிந்த ஒரே ஒருவரோடு தொடங்குவது பாதுகாப்பு. அந்த ஒருவர் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்று யாக்கோபு சொல்லவில்லை.