முழுச் சமையலா, பாதித் தயாரிப்பா, அன்றன்றைக்கா? வேலைக்குப் போகும் பெற்றோரின் மாலைச் சமையல்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கும் பிள்ளைகள் பசி தாங்காமல் சிணுங்கத் தொடங்குவதற்கும் இடையே கிடைப்பது பெரும்பாலும் அரை மணி நேரம், மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம். அதற்குள் சமைத்து முடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. வார விடுமுறையிலேயே வாரம் முழுவதற்கும் சமைத்து அடுக்கிவிடுவது ஒரு வழி. காய் நறுக்கி, பயறு வேகவைத்து, வெங்காயம் வதக்கிப் பாதி வேலையை மட்டும் முடித்துவைப்பது இன்னொன்று. முன்கூட்டி எதுவும் செய்யாமல் அன்றன்றைக்கு ஒரே பாத்திரத்தில் சமைத்து இறக்குவது மூன்றாவது. எங்கள் வீட்டில் மூன்றையும் மாற்றி மாற்றிக் கடைப்பிடித்துவிட்டு இப்போது பாதித் தயாரிப்பில் நிலைத்திருக்கிறோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான். அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

வெளியில் வாங்கிச் சாப்பிடுவது குறையும், உப்பும் எண்ணெயும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பவை மூன்றுக்கும் பொதுவான நன்மைகள். அவற்றை விரித்துப் பேசத் தேவையில்லை. எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், சமைத்த உணவு எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்த வழியைத் தீர்மானித்ததும் அந்தக் கேள்விதான்.

முழுச் சமையல்

இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். களைத்து வந்த மாலையில் டப்பாவைத் திறந்து சூடாக்கினால் போதும் என்ற நிம்மதிக்கு ஈடே இல்லை. மாலையில் ஒரே ஒரு பெரியவர்தான் வீட்டில் இருப்பார், அவரே பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பாடம் பார்த்து, தூங்கவும் வைக்க வேண்டும் என்றால் இந்த வழி பெரும் துணை.

ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். சமைத்த உணவை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே ஃபிரிட்ஜில் வைத்தால் 3 முதல் 4 நாட்கள் வரை பாதுகாப்பாகச் சாப்பிடலாம் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஞாயிற்றுக்கிழமை சமைத்தது புதன்கிழமை வரை கவலையில்லாமல் வரும். வியாழன் எல்லைக்கோடு. வெள்ளிக்கிழமை கணக்கிலேயே வராது. ஐந்து வேலை நாட்களுக்கு ஒரே நாளில் சமைத்துவிடலாம் என்று தொடங்குகிற திட்டம் இங்கேதான் உடைகிறது. முகர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற சமாதானமும் உதவாது. உணவை ஊசிப்போகச் செய்து வாடை எழுப்பும் நுண்ணுயிர்கள் வேறு, நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பல நேரம் வேறு. நோய் தரும் உணவு நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் எந்த மாற்றமும் காட்டாமல் இருக்கலாம். சிறு பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் மூக்கை நம்பி முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆற வைப்பது அடுத்த சிக்கல். 4 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். அதனால் சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போயாக வேண்டும். அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள். வாரத்துக்கான உணவைப் பெரிய பாத்திரத்தில் சமைத்து அப்படியே மூடிவைத்தால் அதன் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அகலமான தட்டையான பாத்திரங்களில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பிவைத்தால்தான் விரைவாக ஆறும். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் தப்பிவிடும். சோறு வெளியில் நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சில் ஒரு வகை, மறுபடி எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. சுடவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை சோற்று விஷயத்தில் செல்லாது.

ஃப்ரீசர் இருக்கிறதே என்பீர்கள். மைனஸ் 18 டிகிரியில் நுண்ணுயிர்களின் வளர்ச்சி நின்றுவிடும் என்பது உண்மை. அவை பெரும்பாலும் சாவதில்லை, உறைந்து காத்திருக்கும், அவ்வளவுதான். சூப், வேகவைத்த பயறு, நீண்ட நேரம் வேகவைத்த இறைச்சி ஆகியவை உறைந்து மீண்டாலும் சுவை குன்றுவதில்லை. உருளைக்கிழங்குத் துண்டுகள் மணல்போல் நொறுங்கும். பாலேடு கலந்த உணவு திரிந்ததுபோலப் பிரியும். உறைந்ததை மேசைமேல் வைத்து இளக்காமல் முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்ற வேண்டும். நாளை இரவுக்கு என்ன சாப்பாடு என்பதை இன்று இரவே முடிவு செய்தாக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். பிறகு சூடாக்கும்போது நடுப்பகுதியும் 74 டிகிரியைத் தொட வேண்டும். மைக்ரோவேவ் ஓரங்களைக் கொதிக்கவைத்துவிட்டு நடுவைக் குளிராக விட்டுவிடும் என்பதால் பாதியில் நிறுத்திக் கிளற வேண்டும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஃபிரிட்ஜோடு சேர்ந்த சிறிய ஃப்ரீசர். தனியாகப் பெரிய ஃப்ரீசர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம். அந்த அனுபவம் எனக்கு இல்லை.

அன்றன்றைக்குச் சமையல்

கெட்டுப்போகும் கவலை இங்கே இல்லவே இல்லை. பிரஷர் குக்கர் இருந்தால் வேகமும் உண்டு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் 120 டிகிரி வரை போகும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும் ஊறவைத்த கொண்டைக்கடலை குக்கரில் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். பிரெஞ்சு இயற்பியலாளர் டெனி பாப்பான் 1679இல் வடிவமைத்த நீராவிப் பாத்திரத்திலிருந்து தொடங்கியது இந்த நுட்பம். இன்று வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இதைவிட உதவும் பாத்திரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குறை என்னவென்றால், வேகும் நேரம் சுருங்கினாலும் நறுக்கும் நேரம் சுருங்குவதில்லை. என்ன சமைப்பது என்று யோசிப்பது, வெங்காயம் உரிப்பது, காய் கழுவுவது எல்லாம் நாளின் மிகக் களைப்பான அரை மணி நேரத்தில் வந்து குவிகின்றன. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் தயாராக இருக்கும் மெதுவெப்பக் குக்கர் (ஸ்லோ குக்கர்) இதற்கு மாற்று என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நெடுநாள் பயன்படுத்தியதில்லை. ஆனால் ராஜ்மாவை மட்டும் அதில் நேரடியாகப் போடக் கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று இருக்கிறது. குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் அது அழியும். மிதமான சூட்டில் அரைகுறையாக வெந்த ராஜ்மா கடுமையான வாந்தியை உண்டாக்கும்.

பாதித் தயாரிப்பு

கடைசிக் கட்டச் சமையல் அன்றன்றைக்கே நடக்கிறது என்பதே இந்த வழியின் பலம். வியாழக்கிழமை இரவு தட்டில் விழுவது வியாழக்கிழமை சமைத்த உணவு. அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பில் பாதி ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டது. முழுச் சமையலின் நாள் கணக்குத் தொல்லையும் அன்றாடச் சமையலின் நறுக்கும் தொல்லையும் ஒருசேரத் தீர்கின்றன.

எங்கள் வீட்டில் நடக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் பயறு. இரண்டு வகையை ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்து, வடித்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு பை என்று தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் வைக்கிறோம். தட்டையாக உறைந்த பை உடைத்துப் போட எளிது. இளகும்வரை காத்திருக்காமல் நேராகக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுவிடலாம். பிறகு வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த வதக்கல். அதைப் பெரிய அளவில் பொறுமையாகச் செய்து ஐஸ் கட்டித் தட்டில் உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுவிடுகிறோம். எந்த உணவாக இருந்தாலும் சுவைக்கு அடித்தளம் இந்த வதக்கல்தான். அதற்குத் தேவைப்படும் கால் மணி நேரம்தான் மாலையில் நம்மிடம் இருப்பதில்லை. ஒரே ஒரு வேலையைத்தான் முன்கூட்டிச் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நறுக்கிய காய்களில் எது எத்தனை நாள் தாங்கும் என்பதை ஒட்டித்தான் வாரத்தைப் பிரிக்க வேண்டும். கீரை திங்கள், செவ்வாய்க்குள் தீர்ந்துவிட வேண்டும். அதைக் கழுவியபின் ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி வைக்காவிட்டால் அதற்குள்ளேயே அழுகிவிடும். பீன்ஸும் குடைமிளகாயும் புதன் வரை. கேரட்டும் முட்டைக்கோசும் வியாழனுக்கு. வெள்ளிக்கிழமைக்குக் கடையில் உறைந்த நிலையில் கிடைக்கும் பட்டாணியும் சோளமும் போதும். அவற்றைப் பறித்த கையோடு வெந்நீரில் சற்று முக்கி உறையவைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை. உருளைக்கிழங்கை நறுக்கினால் தண்ணீரில் மூழ்கவைத்து ஃபிரிட்ஜில் ஒரு நாள்வரை வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். தக்காளியை நாங்கள் முன்கூட்டி நறுக்குவதே இல்லை. நறுக்கிய காய்களில் வைட்டமின் சி ஓரளவு குறையும் என்பது தெரிந்ததுதான். களைப்பில் காயே சமைக்காமல் விடுவதோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு பொருட்டல்ல.

இரண்டு இடங்களில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பூண்டை உரித்து எண்ணெயில் மூழ்கவைத்து நாள்கணக்கில் வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. எண்ணெய்க்குள் காற்று புகாது. அந்தச் சூழலில்தான் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சு நோயைத் தரும் பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் இட்ட பூண்டை அறையின் வெப்பத்தில் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் 4 நாட்களுக்கு மேல் வேண்டாம், மீதியை உறையவைத்துவிடுங்கள். இரண்டாவது, பச்சைக் கோழிக்கறி. அது ஃபிரிட்ஜில் ஓரிரு நாள்தான் தாங்கும். ஞாயிறு வாங்கியதை வியாழக்கிழமைக்கென்று மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைப்பது ஆபத்து. வாங்கிய அன்றே வேளைக்கு ஒரு பையாகப் பிரித்து உறையவைக்க வேண்டும்.

பராமரிப்பு என்று பார்த்தால், ஒவ்வொரு பையிலும் டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டுவதுதான் முக்கிய வேலை. இது சலிப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் மற்றதெல்லாம் குலைந்துவிடும். உறைந்த வதக்கலும் உறைந்த சூப்பும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஃபிரிட்ஜுக்குள் ஒரு சிறிய வெப்பமானி வைத்திருப்பதும் நல்லது. கதவு அடிக்கடி திறக்கும் வீட்டில் உள்ளே உண்மையில் 4 டிகிரி இருக்கிறதா என்பதைக் குமிழ் எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகளும் இந்த வழிக்குத்தான் எளிதாக ஒத்துவருகிறார்கள். வேகவைத்த பயறும் நறுக்கிய காயும் அதே வதக்கலும் ஒரு நாள் சூப்பாகும், மறுநாள் சோற்றோடு கிளறிய உணவாகும், இன்னொரு நாள் நூடுல்ஸோடு சேரும். இன்று எனக்கு இது வேண்டாம் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால் அடுப்பில் ஏறுவதற்கு முன் மாற்றிவிட இடமிருக்கிறது. முழுச் சமையலில் மூன்றாம் நாளும் அதே டப்பாவைத் திறக்கும்போது அந்த இடம் இருப்பதில்லை.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். எவ்வளவு தயாராக இருந்தாலும் மாலையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் யாராவது அடுப்பருகே நிற்க வேண்டும். வேலையில் தாமதமாகி வீடு வந்தால் பையில் இருக்கும் பாதி உணவு யாருடைய பசியையும் தீர்க்காது. அதனால் ஞாயிறு மாலையில் ஒரு பாத்திரம் சூப் மட்டும் முழுதாகச் சமைத்து வைத்துக்கொள்கிறோம். செவ்வாய்க்குள் அதற்குத் தேவை வராவிட்டால் வேளைக்கு ஒன்றாகப் பிரித்து ஃப்ரீசருக்குப் போய்விடும். இரவுப் பணிக்குப் போகும் வீட்டுக்கும் கைக்குழந்தைக்குத் தனியாக உணவு செய்யும் வீட்டுக்கும் இந்த ஏற்பாடு எவ்வளவு பொருந்தும் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் பெரியவர்கள் சாப்பிடுவதையே சாப்பிடும் வயதில் இருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு வகைப் பயறும் ஒரு தட்டு வதக்கலும் ஃப்ரீசரில் இருந்தால் போதும். காய்களை முதலில் அன்றன்றைக்கே நறுக்கிக்கொள்ளுங்கள். எந்தக் காய் உங்கள் வீட்டில் எந்த நாளுக்குள் தீர்கிறது என்பது தெரிந்தபின் அதையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம்.