தோட்டத் தளத்துக்கு அடித்தளம்: கான்கிரீட்டா, ஜல்லிப் படுகையா?

வீட்டுத் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரத் தளம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் டைல்ஸ் கடையிலிருந்தே தொடங்குகிறார்கள். அடியில் என்ன போடுவது என்ற பேச்சு நிறமும் அளவும் முடிவான பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வெயிலும் மழையும் நேரடியாக விழும் தளத்தின் ஆயுளை மண்ணும் அதன்மேல் இடும் படுகையுமே தீர்மானிக்கின்றன. எந்த டைல்ஸ் பொருந்தும் என்பதும் அதைப் பொறுத்ததே.

நம் கொத்தனார்கள் வழக்கமாகச் செய்வது கான்கிரீட் முறை. மண்ணை வெட்டிச் சமன் செய்து, திமிசுக்கட்டையால் இடித்து, 40 மி.மீ. ஜல்லியுடன் 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) விகிதத்தில் ஏறத்தாழ 100 மி.மீ. கனத்துக்குப் பிசிசி எனப்படும் கம்பியில்லாத கான்கிரீட்டைப் போட்டு, அதன்மேல் டைல்ஸ் பதிப்பார்கள். 8 முதல் 10 மி.மீ. கனமே உள்ள டைல்ஸுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. வளைவைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு என்பதால், அடியில் ஓரிடம் கூட இறங்காத, வெற்றிடம் இல்லாத தாங்கல் வேண்டும். நாற்காலி ஆடாது, கழுவுவது எளிது, இடுக்குகளில் புல் முளைக்காது என்பன கூடுதல் நன்மைகள்.

இம்முறையின் பலவீனமும் அதே இறுக்கத்தில்தான் இருக்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கான்கிரீட் மீட்டருக்கு ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு மி.மீ. நீளும், 6 மீட்டர் நீளத் தளத்தில் 30 டிகிரி மாற்றம் என்றால் 2 மி.மீ. அளவுக்கு அசைவு உண்டு. இரண்டரை, மூன்று மீட்டருக்கு ஒருமுறை கான்கிரீட்டில் இடைவெளி விட்டு, அதே கோட்டில் டைல்ஸிலும் நெகிழும் பூச்சால் நிரப்பிய இணைப்பு விடாவிட்டால், அந்த அசைவு டைல்ஸை மேலே கிளப்பிவிடும். விட்ரிஃபைடு டைல்ஸ் நீரை அநேகமாக உறிஞ்சாது என்பதால் வெறும் சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்குரிய பசைக் கலவையை முழுப் பரப்பிலும் தடவ வேண்டும்.

வெப்பத்தைவிடக் கடுமையான சோதனை கரிசல் மண். கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும் இந்த மண், மழையில் நீரை ஏற்று உப்பிவிடுகிறது. தளத்தின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் பெரிதாக மாறுவதில்லை. ஓரங்கள் மட்டும் பருவத்துக்குப் பருவம் நனைந்து காய்கின்றன. ஓரம் ஏறி இறங்க, நடு அசையாமல் நிற்க, கம்பியில்லாத மெல்லிய கான்கிரீட் இரண்டுக்கும் இடையில் பிளக்கிறது. அந்தப் பிளவு டைல்ஸ் வழியாக மேலே தெரியும்போது உடைத்து எடுப்பதைத் தவிர வேறு பழுதுபார்ப்பு இல்லை.

ஜல்லிப் படுகை முறையில் சிமென்ட் பிணைப்பு கிடையாது. 100 முதல் 150 மி.மீ. வரை தூள் கலந்த ஜல்லியைப் பரப்பி இயந்திரத்தால் இறுக்கி, அதன்மேல் 30 மி.மீ. அளவுக்கு எம்-சாண்ட் விரித்து மட்டம் பார்த்து, 60 மி.மீ. பேவர் பிளாக்கோ 40 மி.மீ. கருங்கல் பலகையோ அடுக்குவார்கள். மெல்லிய டைல்ஸை இப்படுகையில் வைத்தால் நிச்சயம் உடையும். செலவைக் குறைக்கச் சிலர் பரிந்துரைக்கும் இந்தச் சமரசத்தை ஏற்கவே கூடாது. ஓரிடம் இறங்கினால் அந்தக் கற்களை மட்டும் எடுத்து, மணலைச் சரிசெய்து திரும்ப வைத்துவிடலாம். எறும்புகள் மணலை வெளியேற்றுவதும் இடுக்கில் புல் முளைப்பதும் இம்முறையின் நிரந்தரத் தொல்லைகள். சுற்றிலும் ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் பதிக்காவிட்டால் கற்கள் மெல்ல வெளிப்புறமாக விலகும்.

கரிசலில் இம்முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. இடுக்குகள் வழியே நீர் இறங்குவதால், மேல் கரிசலை இயன்ற ஆழத்துக்கு அகற்றி, கிராவல் மண்ணை 150 மி.மீ. அடுக்குகளாக நனைத்து இறுக்கி நிரப்ப வேண்டும். வெறும் மணலால் நிரப்பினால் குழி தண்ணீர்த் தொட்டியைப் போல நீரைத் தேக்கி, சுற்றியுள்ள மண்ணை மேலும் உப்பச் செய்யும்.

ஆகவே இறுகிய செம்மண்ணிலோ சரளை மண்ணிலோ, மெல்லிய டைல்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் கான்கிரீட்டைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். கரிசலிலும், அண்மையில் மண் நிரப்பி மேடாக்கிய மனையிலும் நான் ஜல்லிப் படுகையையே தேர்வேன். நிரப்பிய மண் ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது கண்ட பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. முதற்செலவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மண் வெட்டும் கூலி பெரும்பாலும் விழுங்கிவிடுவதால், அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

எந்த முறையானாலும் வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்புறமாக 80-க்கு 1 என்ற வாட்டம் வேண்டும். 4 மீட்டர் அகலத்துக்கு அது 50 மி.மீ. இறக்கம். இந்த வாட்டத்தை மேற்கலவையில் கொண்டுவராமல், மண்ணை வெட்டும்போதே நூல் கட்டிக் கொண்டுவந்தால் படுகையின் கனம் எங்கும் ஒரே சீராக அமையும்.