அழிய மறுக்கும் கோப்பும் ‘ஃபைல் லாக்ஸ்மித்’ கருவியும்

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து, ஆல்பங்களும் பென் டிரைவுகளும் உரியவர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தபின், எங்கள் ஸ்டுடியோக் கணினியில் இடம் ஒழிப்பது ஆண்டுதோறும் நடக்கும் வேலை. இந்த முறை 38 ஜிபி அளவுள்ள ஒரு வரவேற்பு வீடியோ மட்டும் போக மறுத்தது. டெலீட் விசையை அழுத்தினால், கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது, அதை மூடிவிட்டு மீண்டும் முயலவும் என்ற பெட்டி வந்து நின்றது. சில வேளைகளில் விண்டோஸ் அந்த நிரலின் பெயரையும் சொல்வதுண்டு. அன்று ‘வேறொரு நிரல்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அதே கணினியில் இன்னொரு திருமண வீடியோ மூன்று மணி நேரமாக ரெண்டர் (எடிட் செய்தது இறுதி வீடியோவாக உருவாகும் வேலை) ஆகிக்கொண்டிருந்தது, மாலையில் அதைக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

அந்த நெருக்கடியில் நிறுவியதுதான் விண்டோஸுக்கான துணைக் கருவிகள் அடங்கிய மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ‘ஃபைல் லாக்ஸ்மித்’. பவர்டாய்ஸ் என்ற பெயர் விண்டோஸ் 95 காலத்தது. இடையில் நின்றுபோன அந்தத் தொகுப்பை 2019இல் திறந்த மூலமாக (நிரல்வரிகளை யாரும் பார்க்கும்படி) மீண்டும் தொடங்கினார்கள். ஃபைல் லாக்ஸ்மித் அதில் 2022இல் சேர்ந்தது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கிறது.

அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, கோப்பு ஏன் மறுக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதே, நான் வைத்திருக்கும் வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்பதையும் சேர்த்தே அறிவிக்கிறது. அழிக்க அனுமதி தராமல் திறந்திருந்தால், அந்த நிரல் தன் பிடியை விடும் வரை, கணினியின் உரிமையாளரே கேட்டாலும் விண்டோஸ் மறுத்துவிடும். லினக்ஸில் நடைமுறை வேறு: அங்கே கோப்பின் பெயரை உடனே நீக்கிவிடலாம், திறந்து வைத்திருக்கும் கடைசி நிரல் மூடிய பிறகே வட்டில் இடம் விடுபடும். ஆகவே விண்டோஸ் பயனருக்குத் தேவைப்படும் முதல் தகவல், பிடித்திருப்பது யார் என்பதே.

அதைத்தான் ஃபைல் லாக்ஸ்மித் சொல்கிறது. கோப்பின் மீது ரைட் கிளிக் செய்து ‘அன்லாக் வித் ஃபைல் லாக்ஸ்மித்’ என்பதைத் தேர்ந்தால், ஒரு சிறிய சாளரத்தில் பிடித்திருக்கும் புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலின்) பெயர், அதன் அடையாள எண், அது எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்பவை வருகின்றன. விரித்துப் பார்த்தால் எந்தெந்தக் கோப்புகளைப் பிடித்திருக்கிறது என்பதும் தெரிகிறது. அன்று எனக்கு இது எவ்வளவு உதவியது என்றால், டாஸ்க் மேனேஜரில் எடிட்டிங் மென்பொருளின் ரெண்டர் புராசஸ் ஒரே பெயரில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மாலைக்குள் முடிய வேண்டிய வேலை; மற்றொன்று முந்தைய நாள் இடையில் முடங்கி, சாளரம் மூடிய பிறகும் பின்னணியில் உயிரோடு கிடந்தது. எது எது என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஃபைல் லாக்ஸ்மித் அந்த இரண்டில் ஒன்றை மட்டும் எண்ணோடு காட்டியது. அதன் அருகில் இருந்த ‘எண்ட் டாஸ்க்’ பொத்தானை அழுத்திய பிறகு 38 ஜிபியும் எதிர்ப்பின்றிப் போனது. ஓடிக்கொண்டிருந்த ரெண்டர் ஒரு ஃபிரேம்கூட இழக்கவில்லை.

ஒரு கோப்புக்குப் பதிலாகக் கோப்புறை முழுவதையும் தேர்ந்தெடுத்தால், உட்கோப்புறைகள் உட்பட அனைத்தையும் அது தேடுகிறது. ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையில் எந்தப் படம் தடையாக இருக்கிறது என்று தேடிச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முதலில் திறக்கும்போது நமக்குரிய புராசஸ்களை மட்டுமே அது பார்க்கும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பட்டியல் காலியாக வந்தால், பிடித்திருப்பவர் யாரும் இல்லை என்று முடிவு செய்துவிடாமல், அதே சாளரத்தில் நிர்வாகி உரிமையோடு மீண்டும் தொடங்கும் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆன்டிவைரஸ் போன்ற பின்னணிச் சேவைகள் அப்போதுதான் கண்ணில் படும்.

இனி குறைகள். முதலாவது, இது கோப்பை அழித்துத் தராது. பிடியை விடுவிப்பதோடு அதன் வேலை முடிகிறது, டெலீட் செய்வது நம் கையில் இருக்கிறது. எனக்கு இது குறையாகப் படவில்லை என்றாலும், ஒரே சொடுக்கில் எல்லாம் முடிய வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டாவது, ‘எண்ட் டாஸ்க்’ என்பது நிரலை மூடுவதன்று, அப்படியே கொன்றுவிடுவது. சேமிக்கட்டுமா என்று அந்த நிரல் கேட்பதற்கு வாய்ப்பே கிடைக்காது. முதல் வெற்றி தந்த தெம்பில், அடுத்த வாரம் பட்டியலைச் சரியாகப் படிக்காமலே பொத்தானை அழுத்தி, வடிவமைத்துச் சேமிக்காமல் வைத்திருந்த பன்னிரண்டு ஆல்பம் பக்கங்களை நானே தொலைத்தேன். தவறு கருவியுடையது அன்று, அவசரத்துடையது. பட்டியலில் எக்ஸ்ப்ளோரரே இருந்தால் அதைக் கொல்லும்போது டாஸ்க்பார் மறைந்துபோகும். தானாகத் திரும்பாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க்காக எக்ஸ்ப்ளோரரை ஓடவிட வேண்டும்.

மூன்றாவது குறை, எங்களைப் போல இரண்டு மூன்று கணினிகளை இணைத்து வைத்திருப்பவர்களுக்கு முக்கியமானது. இது தன் கணினியில் ஓடும் புராசஸ்களை மட்டுமே அறியும். பகிர்ந்த கோப்புறையில் உள்ள ஆல்பத்தை அடுத்த மேசையில் ஒருவர் திறந்து வைத்திருந்தால், நம் கணினியில் எத்தனை முறை தேடினாலும் அவர் பெயர் வராது. அதற்குக் கோப்பு இருக்கும் கணினியில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ சென்று, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ என்பதன் கீழ் ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பட்டியலைப் பார்க்க வேண்டும். பகிர்ந்த கோப்புறைகளில் ‘தம்ஸ் டாட் டிபி’ என்ற மறைகோப்பு அழிய மறுப்பதும் இந்த வகைத் தொல்லைதான். சிறுபடங்களைக் காட்டுவதற்காக எக்ஸ்ப்ளோரரே உண்டாக்கி எக்ஸ்ப்ளோரரே பிடித்துக்கொள்ளும் கோப்பு அது. காட்சியை ‘டீட்டெய்ல்ஸ்’ முறைக்கு மாற்றி, அந்தக் கோப்புறையை விட்டு வெளியே வந்து அழித்தால் பெரும்பாலும் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க லாக்ஹன்டர் என்ற இலவசக் கருவியையும் சில வாரங்கள் பயன்படுத்தினேன். பிடித்திருப்பவரைக் காட்டுவது, விடுவிப்பது, அழிப்பது ஆகிய மூன்றையும் அது ஒரே சாளரத்தில் செய்கிறது. அழித்த கோப்பை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்புவது நல்ல வழக்கம். அடுத்த முறை கணினி தொடங்கும்போது அழிக்கச் சொல்லும் வசதி இதன் உண்மையான பலம்: அழிக்க வேண்டியதை விண்டோஸ் பதிவேட்டில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில்) குறித்து வைத்து, மற்ற நிரல்கள் எழுவதற்கு முன்பே நீக்கிவிடும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் என்பது முழுமையான நிறுத்தம் அன்று, பாதி உறக்கம். குறித்து வைத்தது நிறைவேற வேண்டுமானால் ‘ரீஸ்டார்ட்’ கொடுக்க வேண்டும்.

ஆனால் புராசஸைக் கொல்லாமல் பிடியை மட்டும் பிடுங்கும் ‘அன்லாக்’ முறையை, அது எந்தக் கருவியில் இருந்தாலும், நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். தன் பிடி போனது அந்த நிரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு பிடிக்கும் விண்டோஸ் ஓர் எண் தருகிறது; பிடுங்கிய பிடியின் எண் அதே நிரலில் வேறொரு கோப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் அதன்மேல் எழுதிக் கெடுக்கவும் கூடும். கொன்றால் சேமிக்காத வேலை மட்டுமே போகிறது, பிடுங்கினால் சேமித்து வைத்ததும் போகலாம்.

எந்தக் கருவியாலும் தீராத வகை ஒன்றையும் இதே காலத்தில் சந்தித்தேன். மேக் கணினியிலிருந்து ஒரு வன்தட்டில் வந்த கோப்புறையின் பெயர் புள்ளியில் முடிந்திருந்தது. அதை யாரும் பிடித்திருக்கவில்லை. பெயரின் இறுதியிலுள்ள புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் வழக்கமாக உதிர்த்துவிடுவதால், புள்ளியில்லாத ஒரு கோப்புறையைத் தேடி, அப்படி ஒன்று இங்கே இல்லை என்று கண்ணெதிரே கிடப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, கோப்புறை நீக்கும் ஆணையில் பாதையின் தொடக்கத்தில் இரண்டு பின்சாய்வுக்கோடு, ஒரு கேள்விக்குறி, மீண்டும் ஒரு பின்சாய்வுக்கோடு சேர்த்த பிறகுதான், பெயரை உள்ளபடியே எடுத்துக்கொண்டு நீக்கியது.

பவர்டாய்ஸில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் சேர்ந்தே வருவது சிலருக்குச் சுமையாக இருக்கலாம். எனக்குத் தேவையில்லாதவற்றை அமைப்புகளில் அணைத்து வைத்துவிட்டேன். விண்டோஸ் 10, 11 கணினிகளில் மட்டுமே இது ஓடும். ஆல்பம் பிரிண்டரோடு இணைந்த எங்கள் பழைய கணினி இன்னும் விண்டோஸ் 7இல் இருப்பதால், அதில் ஏற்கெனவே உள்ள ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ போதும் என்று விட்டுவிட்டோம். அதன் ‘சிபியு’ தாவலில் ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ தேடுபெட்டியில் கோப்பின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டினால், பிடித்திருக்கும் புராசஸ் சற்றுத் தாமதமாகவேனும் வந்துவிடுகிறது.