தென்காசி ரோட்டில் ஒரு மாதம்

மூன்று வருடம் கழித்து, இந்த ஆனியில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் இடையில், மெயின் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. மைல்கல்லின் தலையில் பச்சை பூசிய மாநில நெடுஞ்சாலை, எண் 39. திருநெல்வேலி பழைய பேட்டையிலிருந்து தென்காசி வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர், இப்போது நாலு வழிச்சாலை.

இந்த ரோடு அகலமாக வேண்டும் என்று ஏங்கியவன் நான். பத்து வருடத்துக்கு முன்பு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, தென்காசியிலிருந்து ஹைகிரவுண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். 108 வண்டியில் நானும் இருந்தேன். பாவூர்சத்திரத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஆலங்குளம் பஜாரில் காய்கறி லாரிகளுக்கு நடுவே வண்டி நகரவே இல்லை. போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். அப்பா பிழைத்துவிட்டார். இந்த முறை அவரைச் செக்கப்புக்கு அதே ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனேன், ஒரு மணி நேரம்தான் ஆனது. அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். இதைப் போட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் ரோட்டில் போகிறவர்களுக்குக் கிடைத்தது, ரோட்டோரம் நிற்பவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மதினி பீடி சுற்றுகிறார். சுற்றிய கட்டைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிவர, டவுன் பஸ்ஸில் ஆலங்குளம் போவார். 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பீடிக்கூலியில் வாழும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மதினி கணக்குப் போட்டே சொன்னார். முன்பு எங்கள் ஸ்டாப்பில் ஒரு பெரிய புளியமரமும், ஓடு வேய்ந்த நிழற்குடையும் இருந்தன. அகலப்படுத்தும்போது இரண்டும் போய்விட்டன. மரத்துக்குப் பதில் நட்ட கன்று இன்னும் இடுப்பளவுகூட வரவில்லை. நிழற்குடையைத் திரும்பக் கட்டவே இல்லை. பஸ் வரும்வரை பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறார்கள்.

அதைவிடக் கஷ்டம் எதிர்ப்பக்கம் போவது. நடுவில் இருக்கும் தடுப்பில் திறப்பு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தலைச்சுமையோடு யார் அவ்வளவு தூரம் நடப்பார்கள்? ஏறித்தான் தாண்டுகிறார்கள். சாரல் சீசன் வேறு. குற்றாலத்துக்குப் போகும் கார்கள் பறக்கின்றன. ஒருநாள் மதினியோடு நானும் கடந்தேன். "ஓடிராதீங்க தம்பி. நடுக்கட்டையில ஏறி நின்னு, அந்தப் பக்கம் நல்லா பாத்துட்டு இறங்கணும்" என்றார். அவருக்கு இது தினப்படி வேலை. எனக்குக் கால் நடுங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது, நல்ல திட்டம். அடிபடாமல் கடக்கவும் ஒரு வழி செய்து தரவேண்டும்.

கழிப்பறை விஷயமும் இப்படித்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. வழியில் ஒரு பஸ் ஸ்டாண்டில் இரவு எட்டரைக்கே கழிப்பறை பூட்டிக் கிடந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் தன் வீட்டைத் திறந்துவிட்டார்.

மனிதர்களைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. இரவு பத்தரைக்கு எக்ஸ்பிரஸில் வந்தபோது, "இங்க ஸ்டாப்பிங் கிடையாது அண்ணாச்சி. கூட அம்மா இருக்காங்கல்லா, நிறுத்துதேன்" என்று கண்டக்டர் விசில் அடித்தார். அம்மா இறங்கி ஓரம் சேரும்வரை வண்டியை எடுக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், தென்காசி கலெக்டர் ஆபீசுக்கு அண்ணனோடு போனேன். 2019-ல் தனி மாவட்டம் ஆனதால் இதற்குத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதில்லை. ஸ்டாப்புக்கு நேராகக் கடக்கும் வழி, எச்சரிக்கை விளக்கு, நிழற்குடை என்று மூன்றே கோரிக்கை. ஊரில் அறுபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், பாதிக்கு மேல் பீடி சுற்றும் பெண்கள். மனு எண் போட்ட ரசீதை மதினி தன் பீடி பாஸ்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் அண்ணன் போய் விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.